கூட்ஸ் நிற்கும் நேரம்: மறைமலை நகரிலிருந்து வாலாஜாபாத் வரை

கார் செய்யும் ஊரில் கார் ஏற்றிய ரயிலைப் பார்க்க முடியுமா? மறைமலை நகர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் இதைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த மின்சார ரயில் எப்போது என்றால் உடனே சொல்வார்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸ் எத்தனை மணிக்குக் கடக்கும் என்றாலும் சொல்வார்கள். கூட்ஸ் எப்போது வரும் என்று கேட்டால் மட்டும், "அது வரும்போது வரும்" என்று டீயை ஆற்ற ஆரம்பித்துவிடுவார்கள். அலட்சியமான பதில் போலத் தெரிந்தாலும், இந்திய ரயில்வே சரக்கு வண்டியை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

சென்னையின் நெரிசலைக் குறைக்க 1980-இல் தொடங்கப்பட்ட துணை நகரம் மறைமலை நகர். தனித்தமிழ் இயக்கத்து மறைமலை அடிகளின் பெயர் ஊருக்கு; ஸ்டேஷன் பலகையில் அதோடு காமராஜர் பெயரும் சேர்ந்திருக்கும். 1990-களின் நடுவில் ஃபோர்டு இங்கே வந்தது. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து 1998-இல் சான்ட்ரோவை வெளியே விட்டது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், பிறகு டைம்லர் லாரிகள், ராயல் என்ஃபீல்டு. இந்தப் பக்கம் மகேந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ. முப்பது ஆண்டுகளில் இந்த வட்டாரம் நாட்டின் பெரிய வாகனத் தொழிற்பேட்டைகளில் ஒன்றாகிவிட்டது. ஆனாலும் மறைமலை நகர் நடைமேம்பாலத்தில் நிற்பவர் கண்ணில் கார் ரயில் அபூர்வமாகவே படுகிறது. ஏன் என்று தேடப் போனால் அது தண்டவாளத்தோடு நிற்கவில்லை. சாலை, பாதையின் அகலம், டன் கணக்கு, வண்டி ஒதுங்கி நிற்கும் லூப் லைனின் நீளம் என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது.

சரக்கு ரயிலைப் பார்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உலகத்தில் பல லட்சம் பேர். அமெரிக்காவில் அது ஊருக்கு வருமானம் தரும் விஷயம். இல்லினாய் மாநிலத்தில் ரோஷெல் என்று ஒரு சிற்றூர். யூனியன் பசிபிக், பி.என்.எஸ்.எஃப். என்ற இரண்டு பெரிய கம்பெனிகளின் மெயின் லைன்கள் அங்கே ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. அந்த இடத்திலேயே நகராட்சி ரயில் பார்ப்பதற்கென்று பூங்கா கட்டிக் கூரையும் போட்டிருக்கிறது. ஃப்ளோரிடாவுக்குப் போகும் வண்டிகளில் பெரும்பாலானவை நெருக்கியடித்துக் கடக்கும் ஜார்ஜியாவின் ஃபோக்ஸ்டனிலும் அதே ஏற்பாடு. நெப்ராஸ்காவில் நார்த் பிளாட் என்ற ஊரில் உள்ள பெய்லி யார்டு உலகத்திலேயே பெரிய சரக்கு யார்டு. அதை மேலிருந்து பார்க்க எட்டு மாடிக் கோபுரமே எழுப்பியிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் தெஹாச்சப்பி மலைப்பாதையில் தண்டவாளம் ஒரு முழு வட்டம் அடித்து ஏறுகிறது. நீளமான வண்டி அங்கே தன் வாலுக்கு மேலேயே ஏறிப் போவதைப் பார்க்க ஆட்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அங்கே இது சாத்தியமாவதற்குக் காரணம் எளிது. தண்டவாளம் சரக்குக் கம்பெனிகளின் சொத்து. பயணிகள் வண்டி ஓட்டும் ஆம்ட்ராக் பெரும்பாலான தடங்களில் குடித்தனக்காரன்தான். சட்டத்தில் ஆம்ட்ராக்குக்கு முன்னுரிமை உண்டு. நடைமுறையில் இரண்டு, மூன்று கிலோமீட்டர் நீளச் சரக்கு வண்டி எதிரே வந்தால், அது ஒதுங்க இடமில்லாமல் பயணிகள் வண்டி ஒதுங்கி நிற்பதும் உண்டு. ஆக, மெயின் லைன் ஓரத்தில் உட்கார்ந்தால் வருவதெல்லாம் சரக்கு. போதாக்குறைக்கு டிரைவரும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்வதை ஸ்கேனர் வைத்துக் கேட்கவும் அங்கே தடையில்லை. அடுத்த வண்டி எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் என்று பார்வையாளர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

நம் பக்கம் எல்லாம் தலைகீழ். இத்தனைக்கும் சென்னையில் ரயில் பிறந்ததே சரக்குக்காகத்தான். 1837-இல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை போடுவதற்கான கல்லைக் கொண்டுவரத்தான் முதல் தண்டவாளம் போட்டார்கள். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் பயணிகள் வண்டி கிளம்பியது அதற்குப் பத்தொன்பது வருஷம் கழித்து, 1856 ஜூலை 1-ஆம் தேதி. (வாலாஜா ரோடு வேறு, இனி அடிக்கடி வரப்போகும் வாலாஜாபாத் வேறு. இரண்டும் ஒரே ஆற்காட்டு நவாபின் பெயரைச் சுமப்பதால் வெளியூர்க்காரர்கள் குழம்புவது வழக்கம்.)

கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-இல் மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தபோதே இந்தத் தெற்குப் பாதையின் குணம் முடிவாகிவிட்டது என்பது என் எண்ணம். அலுவலகம் போகிறவர்களின் பாதை இது. சரக்குக்கு மிச்சம் மீதி. மீட்டர் கேஜ் என்பதால் வடக்கே போக வேண்டிய எந்தச் சரக்கையும் அகலப்பாதை தொடங்கும் இடத்தில் இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. ஆட்கூலி, சேதம், தாமதம் மூன்றும் சேர்ந்தால் எந்த வியாபாரி ரயிலைத் தேடி வருவான்? கார் கம்பெனிகள் இந்த வட்டாரத்துக்கு இடம் பார்க்க வந்த காலத்திலும் அகல மாற்ற வேலை முடிந்திருக்கவில்லை. அவர்கள் கண்ணில் பட்டவை பெங்களூர் நெடுஞ்சாலையும் ஜி.எஸ்.டி. ரோடும் துறைமுகமும். ஆலைகள் சாலையைப் பார்த்து வாசல் வைத்துக்கொண்டன. பாதை அகலமானபோது வாசலைத் திருப்ப யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

இப்போது பகலில் மறைமலை நகரில் என்ன பார்க்கலாம்? நிமிஷக் கணக்கில் மின்சார ரயில்கள். நடுநடுவே தென் மாவட்டத்து எக்ஸ்பிரஸ்கள். தாம்பரம்–செங்கல்பட்டு மூன்றாவது பாதை வந்த பிறகு நெருக்கடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. ஆனாலும் காலையும் மாலையும் கூட்ஸுக்கு இடம் கிடையாது. கன்ட்ரோல் அறையில் உட்கார்ந்திருப்பவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். விபத்து மீட்பு வண்டிக்கு எல்லோரும் வழிவிட வேண்டும். உச்ச நேரத்தில் புறநகர் ரயிலுக்கும், பிறகு எக்ஸ்பிரஸுக்கும், பிறகு பாசஞ்சருக்கும் வழி. கூட்ஸ் கடைசி. அரியலூர்ப் பக்கத்து சிமெண்டோ, உரமோ, அரிசியோ ஏற்றிய ரேக் (கோத்த வேகன்களின் முழு வரிசை) ஒன்று தெற்கேயிருந்து வந்தால், செங்கல்பட்டு யார்டில் அதை ஓரங்கட்டிவிடுவார்கள். கடைசி மின்சார ரயில் போய், விடிகாலை முதல் ரயில் கிளம்புவதற்கு முன்னால் இருக்கிற இடைவெளிதான் அதற்குக் கல்யாண முகூர்த்தம். பகலில் கூட்ஸ் பார்க்க வருகிறவர் ஏமாந்து போவதும், ராத்திரி பூராவும் கூட்ஸ் சத்தம் என்று தண்டவாளத்தோரக் குடியிருப்புக்காரர்கள் அலுத்துக்கொள்வதும் ஒரே காரணத்தால்தான்.

இந்தியச் சரக்கு ரயிலின் சராசரி வேகம் நெடுங்காலமாக மணிக்கு 25 கிலோமீட்டரை ஒட்டியே இருந்திருக்கிறது. ஓடும்போது 75-இல், 100-இல்கூட ஓடுகிற வண்டிதான். நிற்கிற நேரத்தையும் சேர்த்து வகுத்தால் சைக்கிளைவிடக் கொஞ்சம் வேகம் என்று கணக்கு வருகிறது. பொருளாதாரம் பேசுகிறவர்களுக்கு இது பெரிய கவலை, நியாயமான கவலையும்கூட. வேடிக்கை பார்க்க வந்தவனுக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. அமெரிக்கப் பார்வையாளருக்கு வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது, எண்ணுவதற்குள் போய்விடும். நமக்கு வண்டி லூப் லைனில் நின்று, பக்கத்தில் வந்து படித்துக்கொள் என்கிறது.

படிக்க நிறையவே இருக்கிறது. ஒவ்வொரு வேகன் பக்கவாட்டிலும் வெள்ளைப் பெயிண்டில் எழுத்தும் எண்ணும் இருக்கும். பாக்ஸ்என் என்றால் மேலே திறந்த, உயரமான பக்கச் சுவர்கள் உள்ள நிலக்கரி வேகன். பிசிஎன் மூடிய வேகன். அரிசி, சிமெண்ட், உரம் எல்லாம் அதில்தான். பிடிபிஎன் பெட்ரோல், டீசல் டேங்கர். பிஎல்சி கன்டெய்னர் ஏற்றும் தாழ்வான தளம். கடைசியில் வரும் 'என்' காற்றழுத்த பிரேக்கைக் குறிக்கிறது. வேக்குவம் பிரேக் காலத்து வண்டிகளிலிருந்து பிரித்துச் சொல்ல வைத்த எழுத்து, அந்தக் காலம் போன பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் கீழே பதினொரு இலக்க எண். முதல் இரண்டு இலக்கம் வேகனின் வகை, அடுத்த இரண்டு அது எந்த ரயில்வேயின் சொத்து என்பது, அடுத்த இரண்டு செய்த வருஷம், பிறகு நான்கு இலக்கத் தனி எண். பதினொன்றாவது இலக்கம் மற்ற பத்தையும் குறிப்பிட்ட முறையில் பெருக்கிக் கூட்டினால் வருவது. யாராவது எண்ணைத் தப்பாக எழுதிக்கொண்டால் கம்ப்யூட்டர் அங்கேயே பிடித்துவிடும். ஐந்தாவது, ஆறாவது இலக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ரேக்கின் ஓரமாகப் பிளாட்பாரத்தில் நடந்தால், புது வேகனுக்கும் பழைய வேகனுக்கும் நடுவே பெயிண்ட் மட்டுமல்ல, ஸ்பிரிங்கின் அமைப்பும் கதவுத் தாழ்ப்பாளும் எப்படி மாறியிருக்கின்றன என்று தெரியும்.

எஞ்சினுக்கும் இதே மாதிரி பெயர் உண்டு. டபிள்யூஏஜி என்றால் அகலப்பாதை, ஏசி மின்சாரம், கூட்ஸ் என்று அர்த்தம். 5,000 குதிரைத் திறன் கொண்ட டபிள்யூஏஜி-7, 6,000-ஐத் தாண்டிய டபிள்யூஏஜி-9 இரண்டும் இங்கே சாதாரணமாகத் தட்டுப்படும். முன்னது நிற்கும்போதும் ப்ளோயர் இரைந்துகொண்டிருக்கும். பின்னது கிளம்பும்போது மோட்டார்கள் படிப்படியாகச் சுருதி ஏறுவது போல ஒலிக்கும். கொஞ்ச நாள் கேட்டுப் பழகினால் கண்ணை மூடிக்கொண்டே எந்த எஞ்சின் என்று சொல்லிவிடலாம். அரக்கோணம் லோகோ ஷெட் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது சின்ன வயதிலேயே வந்துவிடும் வித்தை.

கூட்ஸைப் பார்ப்பது பொழுது போகாதவன் வேலை என்று நினைக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ரயில்வே தன் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பார்க்க வைக்கிறது. நிற்காமல் கடக்கும் ஒவ்வொரு வண்டியையும் ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து ஒரு பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மறுபக்கத்தில் பாயிண்ட்ஸ்மேன் நிற்பார். கேட்கீப்பருக்கும் அதே கடமை. பகலில் பச்சைக் கொடி, ராத்திரியில் பச்சை விளக்கு. அந்த அசைவுக்கு எஞ்சினிலிருந்தும் கடைசி வண்டியிலிருந்தும் பதில் அசைவு வரும். கொடி ஆட்டுவது வெறும் மரியாதை இல்லை. அச்சு சூடாகிப் புகைகிறதா, கதவு திறந்து ஆடுகிறதா, தார்ப்பாய் அவிழ்ந்து மின்கம்பிப் பக்கம் பறக்கிறதா, பிரேக் கம்பி தொங்கித் தரையில் உரசுகிறதா என்று அந்த அரை நிமிஷத்தில் பார்த்துவிட வேண்டும். சக்கரம் ஒரு இடத்தில் தேய்ந்து தட்டையாகியிருந்தால் 'டக் டக் டக்' என்று சம்மட்டி அடிப்பது மாதிரி சத்தம் வரும். அதைக் காதில் பிடிக்க வேண்டும். பிடித்தால் அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்லி வண்டியை நிறுத்துவார்கள். கடைசி வேகனில் 'எல்வி' பலகை இருக்கிறதா என்பதும் முக்கியம். பலகை இல்லையென்றால் வண்டி நடுவழியில் அறுந்து, ஒரு பாதி பின்னால் தண்டவாளத்திலேயே நிற்கிறது என்று அர்த்தம் இருக்கலாம்.

அமெரிக்கா கார்டு உட்காரும் கடைசி வண்டியை 1980-களிலேயே கழற்றிவிட்டது. கார்டுக்குப் பதிலாக வாலில் ஒரு பெட்டி, அதில் விளக்கும் ரேடியோவும். பிரேக் அழுத்தம் எவ்வளவு என்று அது எஞ்சினுக்குச் சொல்லும். பாதையோரத்தில் சூடு அறியும் கருவிகள். அச்சு சரியாக இருக்கிறதா என்று இயந்திரக் குரலில் ரேடியோவில் அவை பேசுவதைக் கேட்பதற்காகவே ஸ்கேனர் வாங்குகிறவர்கள் உண்டு. நம்மிடமும் அதே மாதிரிக் கருவிகளைச் சோதித்து வருகிறார்கள். 2022-இல் கார்டு என்ற பதவிப் பெயர் 'டிரெயின் மேனேஜர்' ஆயிற்று. ஊர்க்காரர்கள் இன்னமும் கார்டு என்றுதான் சொல்கிறார்கள், ரயில்வேக்காரர்களும்தான். அந்த ஆடும் பிரேக் வேனில் மின்விசிறியும் கழிப்பறையும் இல்லாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வருகிறவருக்கு மேனேஜர் என்று பெயர் வைத்ததில் கொஞ்சம் கிண்டல் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

கார் ரயில் வேண்டுமென்றால் மறைமலை நகரை விட்டுக் கிளம்ப வேண்டும். செங்கல்பட்டில் பாதை பிரிகிறது. அரக்கோணம் போகும் ஒற்றைப் பாதையில் பாலூர், பழைய சீவரம் தாண்டினால் வாலாஜாபாத். பார்த்தால் சாதாரணக் கிராமத்து ஸ்டேஷன். இங்கிருந்துதான் இந்தத் தொழிற்பேட்டையின் கார்கள் ரயில் ஏறுகின்றன. வடக்கே போகும் ரேக்குகள் அரக்கோணம் வழியாகவே போய்விடுவதால் மறைமலை நகர்ப் பக்கம் அவை தலைகாட்ட வேண்டிய அவசியமே இல்லை. நாம் முதலில் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான்.

அங்கே நிற்கும் வண்டியை முதல் தடவை பார்ப்பவர்கள் ஏதோ பழைய பாசஞ்சர் ஓரங்கட்டிக் கிடக்கிறது என்று நினைப்பார்கள். அது ஒரு வகையில் சரிதான். என்எம்ஜி என்று அழைக்கப்படும் இந்தப் பெட்டிகள், பயணிகளைச் சுமந்து வயதாகிப்போன ரயில் பெட்டிகள். சீட், பெர்த், கழிப்பறை எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்திருப்பார்கள். அடைத்த இடத்தில் பழைய ஜன்னலின் சட்டம் இன்னும் வடுவாகத் தெரியும். இரண்டு முனைகளிலும் முழு அகலத்துக்குக் கதவு. ரேக்கின் ஒரு கோடியில் சாய்தளம் வைத்து, காரை ஓட்டி உள்ளே ஏற்றுகிறார்கள். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே இரும்புத் தகட்டைப் பாலமாகப் போட்டு, முதல் கார் ரேக்கின் மறுகோடி வரைக்கும் உள்ளுக்குள்ளேயே ஓடிப் போகும். மொத்த ரயிலும் ஒரு நீளமான சந்து மாதிரி ஆகிவிடும். சுவருக்கும் காருக்கும் நடுவே இருக்கும் இடம் ஒல்லியான ஆள் நழுவி இறங்கத்தான் போதும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கட்டி இறுக்கிவிட்டு அடுத்த காருக்கு ஓடுகிறார்கள். முதலில் ஏறியது கடைசியில் இறங்குமா முதலில் இறங்குமா என்பது போய்ச் சேரும் ஊரில் சாய்தளம் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. கார் எந்தப் பக்கம் மூஞ்சியைக் காட்டி நிற்க வேண்டும் என்பதும் அதைப் பொறுத்ததுதான்.

இப்படி 25 பெட்டிகள் கொண்ட ரேக்கில் 125 கார் போகும். சில ஆண்டுகளுக்கு முன் ஹூண்டாய் நேபாளத்துக்கு முதல் தடவையாக ரயிலில் கார் அனுப்பியபோது வாலாஜாபாத்திலிருந்து எல்லையோரத்து நௌதன்வாவுக்குப் போனதும் இப்படியொரு ரேக்தான். புது வகை பிசிஏசிபிஎம் வேகன் வேறு மாதிரி. தளத்தைத் தாழ்த்தி, இரண்டு அடுக்காகச் செய்த இரும்புக் கூண்டு. ரேக்குக்கு 27 வேகன், 300 காருக்கு மேல் ஏற்றலாம். தனியார் கம்பெனிகளே இந்த வேகன்களை வாங்கி ஓட்டலாம் என்று 2010-இல் ரயில்வே திட்டம் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. 2013-14-இல் இந்தியாவில் தயாரான கார்களில் ரயிலேறியவை நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. 2024-25-இல் ஏறத்தாழ கால் பங்கு. அமெரிக்காவில் இது முக்கால் பங்கு என்கிறது அந்நாட்டு ரயில் கம்பெனிகளின் சங்கம். அங்கே மூன்று அடுக்கு வேகன்கூட உண்டு. 1960-களில் திறந்த கூண்டாக இருந்தவற்றை, போகிற வழியில் கல்லெறியும் திருட்டும் தாங்காமல் தகடு வைத்து மூடிவிட்டார்கள்.

இந்த வளர்ச்சி ஏன் இவ்வளவு தாமதம்? ரயில்வே எல்லாவற்றையும் டன்னில் அளந்துகொண்டிருந்தது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். நிலக்கரி ரேக் ஒன்று நாலாயிரம் டன்னை ஒட்டிச் சுமக்கும். 125 சின்னக் கார்கள் சேர்ந்தாலும் எடை நூற்றைம்பது டன்னைத் தாண்டாது. வண்டி நிறைந்துவிட்டது, எடையே இல்லை. கார் ரயில் பாதி காற்றைச் சுமந்துகொண்டு போகிறது. வருஷக் கடைசியில் எத்தனை மில்லியன் டன் ஏற்றினாய் என்று கேட்கும் மேலதிகாரிக்கு, கார் ரேக்குக்குத் தடம் ஒதுக்கியவர் என்ன பதில் சொல்வார்? 2024-25-இல் இந்திய ரயில்வே ஏற்றிய 1,617 மில்லியன் டன்னில் பாதிக்கு மேல் நிலக்கரிதான். நிலக்கரி தோண்டும் பக்கத்துக் கிழக்குக் கடற்கரை ரயில்வே தனியாக 200 மில்லியன் டன்னைத் தாண்டுகிறது. நம் தெற்கு ரயில்வேயின் மொத்தச் சரக்கும் நாற்பது மில்லியன் டன் சுற்று. டன் கணக்கில் நாம் வால். பண மதிப்பில் பார்த்தால் கதை வேறாக இருக்கும்.

மீதிப் பதில் சாலையில் கிடைக்கிறது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலை ஒரகடம் வழியாகத்தான் போகிறது. ஆலையில் முடிந்த கார்கள் நீளமான டிரெய்லரில் ஏறி, அந்தச் சாலையில் சுமார் இருபது கிலோமீட்டர் போய், பிறகுதான் ரயிலைப் பார்க்கின்றன. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ரயிலே கிடையாது. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் புதுப் பாதை என்பது பத்து வருஷத்துக்கு மேலாகப் பட்ஜெட் தாளிலும் சர்வே கோப்பிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. கடம்பத்தூர்ப் பக்கத்து மப்பேட்டில் சரக்குப் பூங்காவுக்கு 2022 மே மாதம் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அதற்கு ரயில் இணைப்பும் திட்டத்தில் உண்டு. அது முடிந்தால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கன்டெய்னர்கள் ரயிலுக்கு மாறலாம். அதுவரைக்கும் எண்ணூர், சென்னைத் துறைமுகங்களுக்கு ஏற்றுமதிக் கார்கள் சாலையில்தான்.

ஏற்றுமதிக்குச் சாலை என்பதில் நியாயம் இருக்கிறது; அறுபது, எழுபது கிலோமீட்டருக்கு ரயில் வைத்தால் ஏற்றி இறக்கும் நேரத்திலேயே லாரி இரண்டு நடை போய் வந்துவிடும். உள்நாட்டு விற்பனைக்கோ சிக்கல் வேறு. ரேக் என்றால் ஒரே திசைக்கு 125 கார் ஒரே சமயத்தில் சேர வேண்டும். திருநெல்வேலி டீலருக்கு எட்டு, நாகர்கோவிலுக்கு ஆறு என்றால் டிரெய்லர்தான் வசதி. ஆகவே குவாஹாத்திக்கும் டெல்லிக்கும் ரயில், தென்னாட்டுக்கு லாரி என்று பிரிந்து கிடக்கிறது. சிங்கபெருமாள் கோயில் கேட்டில் மேம்பாலம் இழுத்தடித்த வருஷங்களில், ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் கார் ஏற்றிய டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்று மின்சார ரயிலுக்கு வழிவிட்டதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். கூட்ஸ் தண்டவாளத்தில் நின்றதென்றால், ரயிலேறாத சரக்கு கேட்டில் நின்றது.

நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கூட்ஸ் ஏறத்தாழ 700 மீட்டர். அமெரிக்காவில் அதைப்போல மூன்று, நான்கு மடங்கு நீளமுள்ளவையும் ஓடுகின்றன. எஞ்சினுக்கு இழுக்க முடியாததால் அல்ல. ஒதுங்கி நிற்க வேண்டிய வண்டி, ஒதுங்குகிற லூப்பைவிட நீளமாக இருக்க முடியாது, அவ்வளவுதான். பல ரேக்குகளைக் கோத்து ஓட்டிப் பார்த்ததும் உண்டு. 2022 சுதந்திர தினத்தன்று தென்கிழக்கு மத்திய ரயில்வே ஓட்டிய 'சூப்பர் வாசுகி' 295 வேகன், மூன்றரைக் கிலோமீட்டர். அதெல்லாம் கோர்பா நிலக்கரித் தடத்தில் நடக்கிற காரியம். நம் ஒற்றைப் பாதையில் அதைக் கொண்டுவந்தால் இரண்டு ஸ்டேஷன்களை ஒரே நேரத்தில் அடைத்துக்கொள்ளும். ஒன்றின் மேல் ஒன்றாகக் கன்டெய்னர் அடுக்கிப் போகும் வண்டியும் இங்கே வராது. அதற்கு மின்கம்பி 7.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்; நவி மும்பைத் துறைமுகத்திலிருந்து தாத்ரி போகும் மேற்குச் சரக்குப் பாதையில் அப்படிப் போட்டிருக்கிறார்கள். சரக்குக்கென்றே போட்ட அந்தத் தனிப் பாதைகள் தமிழ்நாட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். பயணிகள் ரயிலுக்கு இருப்பது போன்ற ஆப் கூட்ஸுக்கு இல்லை. சரக்கு அனுப்பியவர் தன் ரசீது எண்ணைப் போட்டுத்தான் வண்டி எங்கே என்று பார்க்க முடியும். ஆகவே சிக்னலைப் படிக்கப் பழக வேண்டும். லூப்புக்குப் போகப்போகும் வண்டிக்குச் சிக்னல் தலையில் மஞ்சளோடு சாய்வாக வெள்ளை விளக்கு வரிசை எரியும். அதைப் பார்த்தால் பெரும்பாலும் கூட்ஸ், அது நிற்கப்போகிறது என்று முடிவு செய்துகொள்ளலாம். அமெரிக்கர்கள் மாதிரி வாக்கி-டாக்கி பேச்சைக் கேட்க ஆசைப்பட வேண்டாம். உரிமமில்லாமல் அந்த மாதிரிக் கருவி வைத்திருப்பதையே 1933-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்து வைத்திருந்தது. பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்திலேயே நில்லுங்கள். தண்டவாளத்தில் இறங்கினால் ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். கேமராவைத் தூக்கினால் யாராவது ஒருவர் வந்து கேள்வி கேட்பார். பணிந்து பேசிப் பார்க்கலாம், வாதாடிப் பயனில்லை.

இடம் என்று கேட்டால், பரனூர் தாண்டிக் கொளவாய் ஏரியை ஒட்டிப் பாதை வளையும் இடம் படத்துக்கு நல்லது. பழைய சீவரத்தில் நரசிம்மர் மலைக்குக் கீழே, பாலாற்றோரமாக ஒற்றைப் பாதை போகும் இடம் இன்னும் நல்லது. பொங்கலை ஒட்டிப் பார்வேட்டைக்குக் காஞ்சி வரதர் அங்கே எழுந்தருளும் நாளில் மட்டும் கூட்டம் தாங்காது. சரக்கு அளவுதான் முக்கியம் என்பவர்கள் நேரே அரக்கோணம் போய்விடலாம். மும்பைப் பாதையும் பெங்களூர்ப் பாதையும் பிரியும் அந்த ஜங்ஷனில் நாள் முழுக்கக் கூட்ஸ் வந்துபோகும். என் ஓட்டு வாலாஜாபாத்துக்குத்தான். அரக்கோணத்தில் வண்டி போவதைப் பார்க்கலாம், வாலாஜாபாத்தில் வண்டி எதற்காகப் போகிறது என்பதையும் பார்க்கலாம்.

இனி என்ன மாறும்? தாம்பரம்–செங்கல்பட்டு நான்காவது பாதைக்கு 2025-இல் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. அது மின்சார ரயில்களுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும். கூட்ஸுக்கு மிச்சம் விழுந்தால் உண்டு. செங்கல்பட்டு–அரக்கோணம் இரட்டைப் பாதை ஆகாதவரை வாலாஜாபாத்தில் ரேக் முழுதாக ஏற்றி முடிந்தும் எதிர்வண்டிக்குக் காத்திருக்கும். 2022 ஜூலையில் கார் செய்வதை நிறுத்திய ஃபோர்டு ஆலை 2029-இல் எஞ்சின் செய்ய ஆரம்பிக்கும் என்று 2025-இல் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். எஞ்சினுக்கு என்எம்ஜி பெட்டி தேவையில்லை. கன்டெய்னரில் அடைத்து, லாரியில் ஏற்றி, துறைமுகத்துக்கு அனுப்பிவிடலாம். அந்த லாரிகள் ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கும்போது பக்கத்திலேயே நான்கு தண்டவாளம் இருக்கும். ஆலைக்குள் போகும் சைடிங் ஒன்றைப் பற்றி மட்டும் யாரும் இன்னும் வாய் திறக்கக் காணோம்.